நாற்பத்தொன்று

போன வாரம் இங்கே படகு விற்றார்கள்.
தரையில் இன்னும் அந்த வார்னிஷ் வாசம்.
அதன்மேல் மரப்பலகைகளைப் பூட்டி
எட்டு கோர்ட் ஆக்கியிருக்கிறார்கள்.
ஜூலை மாதம், ஃபோர்ட் வேன் நகரம்.
வெளியே தார் இளகுகிறது.
உள்ளே ஏசிக் குளிரில்
பெற்றோர்கள் போர்வைக்குள்.

ஏழாவது கோர்ட்டில் கணக்கு எழுதுகிறவள் நான்.
ஆட்டத்துக்குப் பதினெட்டு டாலர், ஒரு பாட்டில் தண்ணீர்.
வார நாளில் டயர் கிடங்கு.
ஒன்பது வருஷத்துக்கு முன்
இப்படி ஒரு கோர்ட்டில் ஓடினவள்தான்.
யாரும் கூப்பிடவில்லை.
அதைச் சொல்ல வரவில்லை.

எதிர்ச் சுவரோரம் மடக்கு நாற்காலிகளில்
கல்லூரிக் கோச்சுகள்.
சட்டை மார்பில் கழுகு, கரடி, குளவி.
பையன்களைப் பார்க்கலாம், பேசக் கூடாது.
அது விதி.
ஆகவே அவர்கள் முகத்தில் ஒன்றும் இருக்காது.
எல்லாம் மடியில் இருக்கும் அந்தப் புத்தகத்தில்:
முந்நூற்றைம்பது டாலர்,
எண், பெயர், பரீட்சை மதிப்பெண், வீட்டு போன்.
உயரம் மட்டும்
எல்லாப் பையன்களுக்கும் இரண்டு அங்குலம் கூட.

கெல்வன் ட்ரிபெட், எண் பன்னிரண்டு.
யங்ஸ்டவுனிலிருந்து ஐந்து மணி நேரம்
காரோட்டி வந்த அம்மா ரெனிட்டா
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை முடித்த கையோடு,
சீருடைகூட மாற்றாமல்
மூன்றாவது படியில் தூங்குகிறாள்.

முதல் பாதியில் அவன் ஒன்றுமே இல்லை.
இரண்டு பந்தைக் கோட்டைவிட்டான்,
ஒன்றை எதிரணிக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தான்.
நாற்காலிகள் காலியாகத் தொடங்கின.
மூன்றாவது கோர்ட்டில் ஏழடியில் ஒருவன் வந்திருக்கிறானாம்.

பிறகு ஒரு முழங்கை.
மூக்கிலிருந்து குபுக்கென்று.
ரத்தம் பட்ட சட்டையோடு ஆட விடமாட்டார்கள்,
மாற்றுச் சட்டை கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை.
பெஞ்சின் கோடியில் கோல்பி ஹெக்மன்,
சுளுக்கிய காலை ஐஸ் வாளியில் வைத்தபடி,
தன் சட்டையைத் தலைவழியே உருவி நீட்டினான்.
நடுவர் என் மேசைக்கு வந்தார்:
“பன்னிரண்டு இனிமேல் நாற்பத்தொன்று.”
எழுதிக்கொண்டேன்.

ஒரு நாசியில் பஞ்சு.
வாயால் மூச்சு விட்டுக்கொண்டு
அவன் ஆடியதை எப்படிச் சொல்ல.
எங்கே இருக்கப்போகிறான் என்று
பந்துக்கு முன்னமே தெரிந்திருந்தது.
மறித்தவன் தன் காலே தடுக்கி உட்கார்ந்தான்.
வளையத்தில் படாமல்
வலையை மட்டும் சரக்கென்று கிழித்து,
திரும்ப,
திரும்பவும்.
ஏழு நிமிஷம், பத்தொன்பது புள்ளி.
என் பென்சில் முனை ஒடிந்தது.

சத்தத்தில் விழித்த ரெனிட்டா
பன்னிரண்டைத் தேடவில்லை.
தோள் சாயும் விதத்தைப் பார்த்தாள்,
உடனே கைதட்டினாள்.

மிச்சமிருந்த குளவிச் சட்டைக்காரர்
புத்தகத்தைப் புரட்டி
நாற்பத்தொன்றைச் சுற்றி வட்டம் போட்டார்.
வட்டத்தின்மேல் இன்னொரு வட்டம்.
கோல்பி ஹெக்மன், டொலிடோ, ஆறடி ஐந்து.
உயரம் கொஞ்சம் இடித்திருக்கும்.
ஆனால் உயரம்தான் எல்லாருக்கும் பொய்யாயிற்றே.

பழம் நழுவி
பக்கத்து வீட்டுப் பாலில்.

மேசையிலிருப்பவர்களும் பேசக் கூடாது.
அவர் என்னைக் கடக்கும்போது
கணக்கேட்டை அவர் பக்கம் திருப்பி
அந்த வரியில் விரலை வைத்தேன்.
கையெழுத்துக் கேட்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ,
சிரித்துவிட்டுப் போனார்.
அடுத்த ஆட்டத்துக்கு மணி அடிக்க வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை டொலிடோவில் ஒரு போன் அடிக்கும்.
ஹெக்மன் எடுப்பான்.
என்ன சொல்வான் என்று
எந்தப் புத்தகத்திலும் இல்லை.
சட்டையை உருவும்போது
அவன் யோசிக்கவில்லை.
அதை மட்டும் பார்த்தேன்.